செல்லும், ஆனால் ஓடாது

ஆம்பூரில் என் சித்தி ஒரு பெட்டிக்கடை வைத்திருக்கிறார். கல்லாப்பெட்டிக்குப் பக்கத்தில் ஒரு பழைய ஹார்லிக்ஸ் பாட்டில் இருக்கும். அதன் கழுத்து வரைக்கும் பத்து ரூபாய் நாணயங்கள். வெளியூர்க்காரர்கள், விவரம் தெரியாத பிள்ளைகள், அவசரத்தில் கையில் வேறு காசு இல்லாதவர்கள் கொடுத்துவிட்டுப் போனவை. பத்து ரூபாய் நாணயம் செல்லாது என்று ஊரில் ஒரு பேச்சு, அதனால் உள்ளே போன காசு வெளியே வருவதே இல்லை.

சில வருடங்களுக்கு முன்பு அவர் பக்கத்தில் உட்கார்ந்து, அந்தக் காசு செல்லும் என்று பொறுமையாக விளக்கினேன். ரிசர்வ் வங்கியின் அறிக்கையைப் பற்றிச் சொன்னேன், செய்தித்தாளில் வந்ததைக் காட்டினேன். எல்லாவற்றையும் கேட்டுவிட்டு அவர் சொன்னார்: "செல்லும்னு எனக்குத் தெரியாதாடா? மொத்தக் கடைக்காரர் வாங்க மாட்டாரே, நான் என்ன பண்ண?"

என்னிடம் பதில் இல்லை. அறியாமையைப் போக்கலாம் என்று போன இடத்தில் அறியாமையே இல்லை. அந்த மொத்தக் கடைக்காரரைக் கேட்டால் அவரும் இதையேதான் சொல்வார்: காசு செல்லும், ஆனால் கடைக்கு வருகிறவர்கள் வாங்குவதில்லை. ஆளாளுக்கு உண்மை தெரிந்திருக்கிறது. ஆனாலும் ஊர் மொத்தமும் ஒரு தவறான நம்பிக்கையின்படியே நடக்கிறது.

அதற்குப் பிறகுதான் எனக்கு ஒன்று பிடிபட்டது. பணம், புதிய தொழில்நுட்பம், அரசியல் ஆகியவற்றைப் பற்றிய தவறான நம்பிக்கைகளை எல்லாம் 'வதந்தி' என்ற ஒரே மூட்டையில் கட்டிவிடுகிறோம். ஆனால் அவை ஒரே சரக்கு இல்லை. 'எல்லாரும் இதை நம்பினால், இது நிஜமாகிவிடுமா?' என்று கேட்டுப் பார்த்தால் போதும், தனித்தனியாகப் பிரிந்துவிடும். அதை எப்படிப் பிரிப்பது என்பதுதான் இந்தக் கட்டுரை.

முதலில் அந்தக் காசுக்கே வருவோம். பத்து ரூபாய் நாணயம் பரவலாகக் கைக்கு வரத் தொடங்கியது 2009 வாக்கில். 2010 ஜூலையில் ரூபாய்க்கு '₹' என்ற குறியீடு வந்தது. அதை வடிவமைத்தவர் உதயகுமார், நம் தமிழர். 2011 முதல் நாணயங்களில் அந்தக் குறியீடு இடம்பெற்றது. ஆக, குறியீடு உள்ள காசும் இல்லாத காசும் ஒரே நேரத்தில் புழங்கின. சிலவற்றில் எண்ணுக்கு மேலே பத்துக் கோடுகள், சிலவற்றில் பதினைந்து. இது போதாதென்று நாடாளுமன்றத்தின் 60 ஆண்டு, அம்பேத்கரின் 125-ஆவது பிறந்த ஆண்டு, யோகா தினம் என்று சிறப்பு நாணயங்களும் வந்தன. மொத்தம் 14 வடிவங்கள் வெளியாகியிருக்கின்றன, அத்தனையும் செல்லும் என்று 2018 ஜனவரியில் ரிசர்வ் வங்கி அறிவித்தது. 2016 நவம்பரிலேயே ஒரு முறை சொல்லியிருந்தார்கள்.

பதினான்கு வடிவம் என்றால், ஒருவர் கையில் இருக்கும் காசும் இன்னொருவர் கையில் இருக்கும் காசும் ஒத்துப்போகாமல் இருப்பது இயல்பு. 'இரண்டில் ஒன்று போலியாக இருக்க வேண்டும்' என்று நினைப்பதும் இயல்பு. அப்புறம், நமக்கு ஒரு பழைய நினைவும் உண்டு: 2011 ஜூன் இறுதியோடு 25 பைசாவும் அதற்குக் கீழே இருந்த காசுகளும் நிஜமாகவே செல்லாமல் போயின. 2016 நவம்பர் 8 இரவு 500, 1000 ரூபாய் நோட்டுகளுக்கு என்ன ஆனது என்பதை யாரும் மறக்கவில்லை. நேற்று செல்லுபடியான பணம் இன்று செல்லாமல் போகும் என்பதைக் கண்ணால் பார்த்த மக்கள் ஒரு நாணயத்தைச் சந்தேகப்பட்டால், அவர்களை முட்டாள்கள் என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

தமிழில் ஒரு நல்ல வசதி இருக்கிறது. காசு 'செல்லும்' என்கிறோம். சட்டப்படி ஏற்புடையது என்பதும் அதே சொல், ஓரிடத்திலிருந்து இன்னோரிடத்துக்குப் போகும் என்பதும் அதே சொல். பணத்தின் குணம் முழுவதும் இதில் அடங்கிவிட்டது. அரிசிக்கு நம்மை நம்பி வாழவேண்டிய அவசியம் இல்லை, வேகவைத்தால் பசி ஆற்றும். பத்து ரூபாய்க் காசைத் தின்ன முடியாது. அடுத்தவர் அதை வாங்கிக்கொள்வார் என்பதால்தான் நான் வாங்குகிறேன். அவர் வாங்குவது அவருக்கு அடுத்தவரை நம்பி. இந்தச் சங்கிலியில் 'அடுத்தவர் வாங்க மாட்டார்' என்ற நினைப்பு நுழைந்துவிட்டால் போதும். சட்டப் புத்தகத்தில் காசு செல்லும். தெருவில் ஓடாது.

சட்டம் என்ன சொல்கிறது என்பதையும் பார்த்துவிடலாம். 2011-ஆம் ஆண்டின் நாணயச் சட்டப்படி, ஒரு ரூபாயும் அதற்கு மேலும் மதிப்புள்ள நாணயங்கள் 1,000 ரூபாய் வரையிலான தொகையைக் கொடுப்பதற்குச் செல்லுபடியாகும். ஐம்பது பைசா என்றால் 10 ரூபாய் வரை. ஆமாம், ஐம்பது பைசா இன்னும் செல்லாத காசு ஆகவில்லை. 2022-இல் தர்மபுரி மாவட்டத்தைச் சேர்ந்த ஒருவர், பத்து ரூபாய் நாணயங்களை யாரும் வாங்காததைக் கண்டு வருத்தப்பட்டு, சுமார் ஆறு லட்சம் ரூபாய்க்கு அந்த நாணயங்களையே சேர்த்து எடுத்துப்போய்ச் சேலத்தில் கார் வாங்கினார். செய்தி எங்கும் பரவியது. நல்ல காரியம்தான். ஆனால் 1,000 ரூபாய் வரம்பை வைத்துப் பார்த்தால், அந்தக் கார்க் கடைக்காரர்கள் கட்டாயத்தால் அதை வாங்கவில்லை, சம்மதித்து வாங்கினார்கள். அவரை நினைக்கும்போதெல்லாம் சம்மதித்த அவர்களையும் சேர்த்து நினைத்துக்கொள்வேன்.

நம்பிக்கையே தன்னை மெய்யாக்கிக்கொள்ளும் இந்த வினோதத்துக்கு 1948-இல் ஒரு பெயர் வைத்தவர் ராபர்ட் மெர்ட்டன் என்ற அமெரிக்கச் சமூகவியலாளர். தமிழில் 'தானே பலித்துக்கொள்ளும் கணிப்பு' என்று சொல்லலாம். தொடக்கத்தில் பொய்யாக இருக்கும் ஒன்றை மக்கள் நம்பி, அதற்கேற்ப நடந்துகொள்கிறார்கள். அந்த நடத்தையாலேயே அது உண்மையாகிவிடுகிறது. அவர் காட்டிய உதாரணம் நல்ல நிலையில் இருக்கும் ஒரு வங்கி. திவாலாகப் போகிறது என்று வதந்தி கிளம்புகிறது, எல்லாரும் ஒரே நேரத்தில் பணம் எடுக்க ஓடுகிறார்கள், வங்கி திவாலாகிறது.

இது புரிய வேண்டுமானால் நம்மில் பலருக்கு இருக்கும் இன்னொரு எண்ணத்தைச் சரிசெய்ய வேண்டும். நாம் வங்கியில் போடும் பணம் நம் பெயர் எழுதிய அறையில் அப்படியே இருக்கிறது என்று நினைக்கிறோம். அப்படி இல்லை. அதில் பெரும்பகுதி வீட்டுக் கடனாகவும் தொழில் கடனாகவும் வெளியே போய்விடுகிறது. அதிலிருந்து வரும் வட்டியில் ஒரு பங்குதான் நமக்குக் கிடைக்கும் வட்டி. சாதாரண நாளில் கொஞ்சம் பேர் எடுப்பார்கள், கொஞ்சம் பேர் போடுவார்கள். கையில் இருக்கும் ரொக்கம் போதும். எல்லாரும் ஒரே நாளில் வந்தால், உலகத்தில் எவ்வளவு நேர்மையான வங்கியாக இருந்தாலும் திணறிவிடும். இருபது வருடத் தவணையில் கொடுத்த கடனை அன்று மாலைக்குள் திருப்பி வாங்க முடியாதே.

ஜப்பானில் 1973 டிசம்பரில் நடந்தது இதற்கு நல்ல சாட்சி. ஐச்சி மாகாணத்தில் டொயோகாவா ஷின்கின் என்று ஒரு சிறிய வங்கி. ரயிலில் மூன்று பள்ளி மாணவிகள் பேசிக்கொண்டு போகிறார்கள். அவர்களில் ஒருத்திக்கு அந்த வங்கியில் வேலை கிடைத்திருக்கிறது. "அய்யோ, வங்கி வேலை ஆபத்து" என்று தோழிகள் கிண்டல் செய்கிறார்கள். கொள்ளைக்காரர்கள் வருவார்களே என்ற அர்த்தத்தில் சொன்னது. அந்தப் பெண் வீட்டில் கேட்கிறாள், வீட்டார் இன்னொருவரிடம் விசாரிக்கிறார்கள். அழகு நிலையம், சலவைக் கடை என்று பேச்சு நகர நகர 'ஆபத்து' வங்கியின் மீதே ஏறிக்கொள்கிறது. அந்தச் சலவைக் கடைக்குத் தொலைபேசி பேச வந்த ஒருவர், தன் தொழில் விஷயமாக அதே வங்கியிலிருந்து உடனே பணம் எடுக்கச் சொல்லிப் பேசுகிறார். வதந்திக்கும் அவருக்கும் சம்பந்தமே இல்லை. ஆனால் கேட்டுக்கொண்டிருந்த கடைக்காரர்களுக்கு அது போதுமானதாக இருந்தது. சில நாட்களில் 100 கோடி யென்னுக்கும் மேல் எடுக்கப்பட்டுவிட்டது. வங்கி தன் பணக்கட்டுகளை எல்லாரும் பார்க்கும்படி அடுக்கி வைக்க வேண்டி வந்தது. காவல்துறை விசாரித்துக்கொண்டே போனால், பின்னால் இருந்தது சதி இல்லை. மூன்று பிள்ளைகளின் ரயில் பேச்சு.

கவனியுங்கள்: அந்த வரிசையில் நின்றவர்களில் வதந்தியை நம்பாதவர்களும் இருந்திருப்பார்கள். 'வங்கி நன்றாகத்தான் இருக்கிறது, ஆனால் மற்றவர்கள் எடுத்துவிட்டால் எனக்கு மிஞ்சாதே' என்று யோசிக்கிறவர் செய்வது அறிவுள்ள காரியமே. என் சித்தி சொன்னதும் இதைத்தான்.

அதனால் இந்த வகை நம்பிக்கைக்கு, உண்மையை உரக்கச் சொல்வது மட்டும் மருந்து ஆகாது. பயப்படுவதற்கான காரணத்தையே எடுத்துவிட வேண்டும். வங்கிகளுக்கு அதைச் செய்தது வைப்புத்தொகைக் காப்பீடு. கேரளத்தில் 1960-இல் பாலாய் சென்ட்ரல் வங்கி வீழ்ந்து எத்தனையோ குடும்பங்கள் தவித்த பிறகு, 1962-இல் இந்தியாவில் இந்தக் காப்பீடு தொடங்கியது. இப்போது ஒரு வங்கியில் ஒருவருக்கு, வட்டியும் சேர்த்து 5 லட்சம் ரூபாய் வரை பாதுகாப்பு. 2020 பிப்ரவரி வரை இது 1 லட்சமாகத்தான் இருந்தது. மற்றவர்கள் எடுத்தாலும் என் பணம் போகாது என்று தெரிந்தால் நான் வரிசையில் நிற்க மாட்டேன். நான் நிற்காவிட்டால் வரிசையே உருவாகாது.

சரி, இப்போது நேர் எதிரான ஒன்று. 2016-இல் புதிய 2000 ரூபாய் நோட்டு வந்தபோது அதற்குள் நானோ ஜிபிஎஸ் சிப் இருக்கிறது, பூமிக்குள் 120 மீட்டர் ஆழத்தில் புதைத்தாலும் செயற்கைக்கோள் கண்டுபிடித்துவிடும் என்று செய்தி பரவியது. படித்தவர்கள், பெரிய பொறுப்பில் இருந்தவர்கள்கூட நம்பினார்கள். நோட்டின் பின்பக்கத்தில் மங்கள்யான் படம் இருந்ததும் மனதுக்குள் ஏதாவது செய்திருக்குமோ என்று எனக்கு ஒரு எண்ணம். ரிசர்வ் வங்கி மறுத்தது.

இதை எல்லாரும் நம்பினால் நோட்டுக்குள் சிப் முளைத்துவிடுமா? முளைக்காது. இந்தியா முழுவதும் சத்தியம் செய்தாலும் காகிதம் காகிதம்தான். எனவே இங்கே நேராக 'அது எப்படி வேலை செய்யும்?' என்று கேட்டாலே போதும்.

ஜிபிஎஸ் செயற்கைக்கோள்கள் சுமார் 20,000 கிலோமீட்டர் உயரத்தில் சுற்றுகின்றன. அவை நம்மைத் தேடுவதில்லை. 'நான் இங்கே இருக்கிறேன், இப்போது மணி இவ்வளவு' என்று ஓயாமல் சொல்லிக்கொண்டே போகின்றன, அவ்வளவே. நம் போன் பொதுவாக நான்கு செயற்கைக்கோள்களின் குரலையாவது கேட்டு, தூரங்களைக் கணக்கிட்டு, தான் எங்கே இருக்கிறோம் என்று தானே தெரிந்துகொள்கிறது. அதை வெளியே சொல்ல வேண்டுமானால் டவரோ வேறு ஒரு இணைப்போ வேண்டும், பேட்டரி வேண்டும். அந்தக் குரலும் நம்மை வந்து சேரும்போது மிக மெல்லியது. வணிக வளாகத்தின் அடித்தள வாகன நிறுத்தத்தில் வரைபடம் தடுமாறுவதை நீங்களே பார்த்திருப்பீர்கள். பேட்டரி இல்லாத ஒரு காகிதம் 120 மீட்டர் மண்ணைத் தாண்டி விண்வெளிக்குக் கூப்பிடும் என்பதற்கு எந்த வழியும் இல்லை. நோட்டில் பளபளக்கும் அந்தக் கோடு, சாய்த்தால் பச்சையிலிருந்து நீலமாக மாறும் பாதுகாப்பு இழை. கள்ள நோட்டைப் பிடிக்க வைத்தது.

அந்த நோட்டைப் பற்றி இன்னொன்று. 2023 மே மாதம் 2000 ரூபாய் நோட்டைப் புழக்கத்திலிருந்து திரும்பப் பெறுவதாக ரிசர்வ் வங்கி அறிவித்தது. 'செல்லாது' என்று அறிவிக்கவில்லை, சட்டப்படி அது செல்லுபடியாகும் பணமாகவே தொடர்ந்தது. அடுத்த நாளே கடைகளில் கொடுத்துப் பார்த்தவர்களுக்கு என்ன நடந்தது என்று தெரியும். சிப் கதை காகிதத்தை மாற்றவில்லை. 'யாரும் வாங்க மாட்டார்கள்' என்ற எண்ணம் அதே காகிதத்தை ஒரே இரவில் ஓடாத நோட்டாக்கிவிட்டது. இரண்டு வகை நம்பிக்கைகளின் வேறுபாட்டை ஒரே நோட்டில் பார்க்கலாம்.

மூன்றாவதாக ஒரு வகை உண்டு. அதைச் சுருக்கமாகச் சொல்கிறேன், ஆனால் இதில்தான் மக்கள் பணத்தை இழக்கிறார்கள். உலகத்தை அது மாற்றாது, ஆனால் அதை வைத்து ஒருவன் பிழைக்கிறான். 'பணம் உங்களுக்கு வர வேண்டுமானால் இந்த கியூஆர் குறியீட்டை ஸ்கேன் செய்து பின் நம்பரைப் போடுங்கள்' என்பது அப்படிப்பட்டது. யுபிஐ-யில் பின் நம்பர் போடுவது பணம் அனுப்ப, அல்லது கணக்கில் இருப்பைப் பார்க்க. பணம் பெறுவதற்கு அது தேவையே இல்லை. 'டிஜிட்டல் கைது' என்பதும் இதே கணக்கு. வீடியோ அழைப்பில் ஒருவரைக் கைது செய்து வீட்டிலேயே உட்காரவைக்க இந்தியச் சட்டத்தில் இடமில்லை. போலீஸ் உடையில் யார் தெரிந்தாலும் போனை வைத்துவிட்டு 1930 என்ற எண்ணை அழையுங்கள். வீட்டில் பெரியவர்கள் இருந்தால் இந்த ஒரு பத்தியை மட்டுமாவது வாசித்துக் காட்டுங்கள் என்று கெஞ்சிக் கேட்டுக்கொள்கிறேன்.

இனி அரசியல். தேர்தல் வந்தாலே நம் போன்களுக்கு இரண்டு செய்திகள் வந்துவிடும். ஒன்று நோட்டா. ஒரு காலத்தில் '49 ஓ' என்று தமிழ்நாட்டில் எல்லார் வாயிலும் அடிபட்ட விதி, யாருக்கும் ஓட்டுப் போட விருப்பமில்லை என்பதை வாக்குச்சாவடி அலுவலரிடம் சொல்லிப் பதிவு செய்ய வைத்தது. அதில் ரகசியம் போய்விடுகிறது என்பதால் 2013 செப்டம்பர் 27-இல் உச்ச நீதிமன்றம் இயந்திரத்திலேயே தனிப் பொத்தான் வைக்கச் சொன்னது. அதுதான் நோட்டா. நோட்டா முதலிடம் பெற்றால் மறுதேர்தல் என்று பலர் நம்புகிறார்கள். மக்களவை, சட்டமன்றத் தேர்தல்களில் அப்படி எந்த விதியும் இல்லை. நோட்டாவுக்கு அடுத்து அதிக ஓட்டு வாங்கிய வேட்பாளர் வெற்றி பெறுவார். டெபாசிட் கணக்கிலும் நோட்டா சேராது. 2024-இல் இந்தூரில் 2,18,674 பேர் நோட்டாவை அழுத்தினார்கள், அது இரண்டாம் இடம். முடிவில் எந்த மாற்றமும் இல்லை. மகாராஷ்டிரமும் ஹரியானாவும் 2018-இல் தங்கள் உள்ளாட்சித் தேர்தல்களுக்கு மட்டும் வேறு விதி கொண்டுவந்தன.

இன்னொன்று '49 பி' என்ற தேர்தல் விதி. உங்கள் ஓட்டை வேறொருவர் போட்டுவிட்டிருந்தால் காகித வாக்குச்சீட்டில் ஓட்டுப் போடக் கேட்கலாம். இது உண்மை. டெண்டர் ஓட்டு என்பார்கள். ஆனால் அப்படிப்பட்ட ஓட்டுகள் 14 சதவீதத்தைத் தாண்டினால் மறுவாக்குப்பதிவு என்பது பொய். அவை உறையில் இருக்கும், வழக்கமான எண்ணிக்கையில் சேராது, வழக்கு என்று வந்தால் நீதிமன்றம் கேட்கலாம். பட்டியலில் பெயரே இல்லாதவர் ஆதாரைக் காட்டி ஓட்டுப் போடலாம் என்பதும் பொய். தேர்தலுக்கு முன்பே பெயர் இருக்கிறதா என்று பார்த்துக்கொள்வதற்கு மாற்று கிடையாது.

இவை இரண்டும் சிப் கதையின் தம்பிகள். எத்தனை பேர் நம்பினாலும் விதி மாறாது. ஆனால் அரசியலில் பத்து ரூபாய்க் காசின் அண்ணனும் ஒருவர் இருக்கிறார். அவரை யாரும் வதந்தி என்றே நினைப்பதில்லை: "நல்ல ஆள்தான், ஆனா ஜெயிக்க மாட்டாரு. ஓட்டை எதுக்கு வீணாக்கணும்?"

நூறு பேர் உள்ள ஒரு தெருவைக் கற்பனை செய்துகொள்ளுங்கள். மூன்று வேட்பாளர்கள். மனதார மூன்றாமவரை விரும்புகிறவர்கள் 40 பேர், மற்ற இருவரை விரும்புகிறவர்கள் 30, 30. ஒளிவுமறைவில்லாமல் போட்டால் மூன்றாமவர் ஜெயிப்பார். ஆனால் அந்த நாற்பதில் 26 பேர் 'மற்றவர்கள் இவருக்குப் போட மாட்டார்கள்' என்று எண்ணி ஆளுக்கொரு பக்கம் பிரிந்து போனால், மூன்றாமவருக்கு மிஞ்சுவது 14. முடிவு வந்ததும் அந்த 26 பேரும் சொல்வார்கள், "பார்த்தியா, அப்பவே சொன்னேன்ல." அவர்கள் சொன்னதால்தான் அப்படி ஆனது என்பது எண்ணிக்கைத் தாளில் தெரியாது.

தோற்ற ஒவ்வொரு வேட்பாளருக்குப் பின்னாலும் இப்படி ஒரு மறைந்த கூட்டம் இருக்கிறது என்று நான் சொல்லவில்லை. பெரும்பாலும் விரும்பாததால்தான் தோற்கிறார்கள். அதிக ஓட்டு வாங்கியவர் ஒருவரே வெற்றி என்ற நம் முறையில், இரண்டு பெரியவர்களில் பிடிக்காதவரைத் தடுக்க ஓட்டுப் போடுவதற்கும் நியாயம் இருக்கிறது. ஆனால் 'ஜெயிக்க மாட்டார்' என்பது வானிலை அறிக்கை போன்ற தகவல் இல்லை. மழை வராது என்று நான் சொல்வதால் மேகம் திரும்பிப் போகாது. இவர் ஜெயிக்க மாட்டார் என்று நூறு பேரிடம் சொன்னால், சொன்னதே அவரைத் தோற்கடிக்கும் கைகளில் ஒன்றாகிவிடுகிறது. ஓட்டுக்கு முன்பு கருத்துக்கணிப்பு என்ற பெயரில் யாரோ அனுப்பும் பெயரில்லாத படங்கள் இதை நன்றாகத் தெரிந்தவர்கள் செய்யும் வேலை என்றே நினைக்கிறேன்.

சித்தியின் பாட்டிலை விட்டுவிட்டேனே. அவருக்கு என் விளக்கம் உதவவில்லை என்று சொன்னேன். உதவியது வேறு. வங்கிகள் எல்லாக் கிளைகளிலும் நாணயங்களை வாங்கியாக வேண்டும் என்பது ரிசர்வ் வங்கியின் உத்தரவு. ஒரு சனிக்கிழமை பாட்டிலைக் கவிழ்த்து நூறு நூறு காசாகக் கட்டி, அவர் கணக்கு வைத்திருக்கும் கிளைக்கு இருவரும் போனோம். கவுண்டரில் முதலில் முகம் சுளித்தார்கள், பிறகு எண்ணி வாங்கிக்கொண்டார்கள். 4,300 ரூபாய். பாஸ்புத்தகத்தில் அந்த வரியை அச்சடித்துக் கொடுத்ததும் சித்தி அதை இரண்டு முறை பார்த்தார்.

மறுநாள் கடை முன்னால் ஒரு அட்டை தொங்கியது, அவர் கையெழுத்தில்: 'பத்து ரூபாய் காசு வாங்கப்படும்.' யாரும் வாங்காவிட்டாலும் கொண்டுபோய்க் கொடுக்க ஒரு இடம் இருக்கிறது என்று தெரிந்துவிட்டது, அவ்வளவுதான். பக்கத்து டீக்கடைக்காரர் ஒரு மாதம் அந்த அட்டையைப் பார்த்துக்கொண்டே இருந்தார். அப்புறம் தன்னிடம் தேங்கிக் கிடந்ததை எடுத்துக்கொண்டு வந்து சித்தியிடம் சர்க்கரை வாங்கினார். சித்தி மீதிக்கு அவரிடமே இரண்டு பத்து ரூபாய்க் காசு நீட்டினார். அவர் ஒரு நிமிடம் யோசித்துவிட்டு வாங்கிச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டார்.